ஃபுல் டெக்ஸ்ட் எங்கே மாட்டிக்கொள்கிறது?

‘ஃபுல் டெக்ஸ்ட் கிடைக்கலை சார்’ என்று பிஎச்டி மாணவர் கைடிடம் சொல்வது சென்னையில் எந்தத் துறைக்குப் போனாலும் காதில் விழும் வாக்கியம். ஃபுல் டெக்ஸ்ட் என்பது ஆய்விதழ்க் கட்டுரையின் முழு வடிவம். இதைச் சொல்கிற எல்லோருக்கும் பிரச்சினை ஒன்றல்ல. ஒருவருடைய பல்கலைக்கழகம் அந்த இதழுக்குச் சந்தா கட்டியிருக்கும், அவர் வீட்டிலிருந்து திறந்து பார்த்திருப்பார். இன்னொருவருக்குச் சந்தாவே இருக்காது. மூன்றாமவருக்குச் சந்தா இருந்தும் அவர் தேடும் ஆண்டு அதில் அடங்கியிருக்காது. நான்காமவர் கையில் இருக்கும் மேற்கோளே தப்பாக இருக்கும். சிலருக்கு அந்தக் கட்டுரை வேறொரு தளத்தில் இலவசமாகவே கிடக்கும். எது என்று தெரியாமல் ‘கிடைக்கவில்லை’ என்று விட்டுவிடுவதால்தான் பல ஆய்வேடுகளில் கட்டுரைச் சுருக்கமான அப்ஸ்ட்ராக்டை மட்டும் படித்துவிட்டு எழுதிய மேற்கோள்கள் வரிசையாக நிற்கின்றன.

முதலில் எல்லோருக்கும் நடப்பதைப் பார்ப்போம். பதிப்பகத்தின் தளம் உங்களை முகம் பார்த்து அடையாளம் காண்பதில்லை. எந்த இணைய முகவரியிலிருந்து வருகிறீர்கள் என்று மட்டும் பார்க்கிறது. பல்கலைக்கழகம் சந்தா கட்டும்போது தன் வளாகத்தின் ஐபி முகவரிகளைப் பதிப்பகத்திடம் கொடுத்துவைக்கும். அந்த எண்களிலிருந்து யார் வந்தாலும் கதவு திறக்கும். தாம்பரத்தில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதே இணைப்பைத் தட்டினால் அந்தத் தளத்துக்கு நீங்கள் யாரோ ஒரு வழிப்போக்கர், 30, 40 டாலர் கட்டச் சொல்லும். இதில் வேடிக்கை என்னவென்றால் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக நூலகத்துக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தாலும், செல்போன் டேட்டாவில் திறந்தால் நீங்கள் வெளி ஆள்தான். வளாக வைஃபைக்கு மாறிவிட்டு அதே பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால் பிடிஎஃப் வந்துவிடும். இது தெரியாமல், கட்டுரையை வரவழைத்துத் தரச் சொல்லி நூலகத்துக்குக் கோரிக்கைப் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

வீட்டிலிருந்து உள்ளே போகவும் வழி உண்டு. பணம் கேட்கும் பக்கத்திலேயே, பெரும்பாலும் சின்ன எழுத்தில், உங்கள் நிறுவனம் வழியாக நுழையுங்கள் என்று ஒரு பொத்தான் இருக்கும். கண் அதைத் தாண்டி விலைக்குத்தான் போகும். அதை அழுத்தி, இந்திய நிறுவனங்களின் கூட்டமைப்பான இன்ஃபெட்டையோ உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரையோ தேர்ந்தெடுத்தால், நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துவது இந்த இன்ஃபெட். சில நிறுவனங்கள், வீட்டிலிருந்தே வளாக இணைப்புக்குள் போக உதவும் விபிஎன் தருகின்றன, சில இடங்களில் ரிமோட்எக்ஸ்எஸ், மைலாஃப்ட் போன்ற சேவைகள் ஓடுகின்றன. எதுவானாலும் கணக்கு தானாக வந்துவிடாது. நூலகத்தில் யாராவது உங்கள் பெயரைச் சேர்த்திருக்க வேண்டும். பிஎச்டியில் சேர்ந்த வாரத்திலேயே நூலகத்துக்குப் போய்ச் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலானவர்கள் மூன்றாம் ஆண்டில், ஆய்வேடு எழுதும் அவசரத்தில் போய் நிற்கிறார்கள்.

சரி, யார் பணம் கட்டுகிறார்கள்? இது கடந்த சில ஆண்டுகளில் நிறைய மாறிவிட்டது. முன்பு பல்கலைக்கழகங்களுக்கு யுஜிசி-இன்ஃபோநெட், தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு இண்டெஸ்ட், கல்லூரிகளுக்கு என்-லிஸ்ட் என்று தனித்தனிக் கூட்டுச் சந்தாக்கள் இருந்தன. 2015-இல் அவற்றை ஒன்றாக்கி இ-ஷோத்சிந்து என்று பெயர் வைத்தார்கள். அப்போதும் எந்த நிறுவனத்துக்கு எந்த இதழ் என்பதில் பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தது. கிண்டியிலேயே, சர்தார் படேல் சாலையில் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கினால் படிக்கக் கிடைக்கும் இதழ்கள் மாறிவிடும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ், சேஜ், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் எல்லாம் அதில் உண்டு.

இந்தத் திட்டம் பற்றிய செய்திகளைப் படித்தவர்கள் பலர் இனி எல்லோருக்கும் எல்லாம் இலவசம் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படியில்லை. மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும்தான் முதலில் வாசல் திறந்தது. பிராட்வேயில் கடை வைத்துக்கொண்டு ராத்திரி வரலாறு படிக்கிறவருக்கு இல்லை. சென்னையைச் சுற்றிச் செங்கல்பட்டு வரைக்கும் வரிசையாக நிற்கும் தனியார் பொறியியல் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தங்கள் பணத்தில் தனியாகச் சந்தா கட்டிக்கொள்ள வேண்டும். இந்த நகரத்தில் உயர்கல்வியில் எவ்வளவு பங்கு தனியார் கையில் இருக்கிறது என்று யோசித்தால், ‘ஒரே நாடு’ என்ற பெயர் கொஞ்சம் அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அரசுக் கலைக் கல்லூரியில் படிக்கும் மாணவருக்கு இது பெரிய மாற்றம் என்பதையும் மறுக்க முடியாது. அங்கே இருப்பவர்களில் எத்தனை பேருக்கு இந்த விஷயம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது வேறு கேள்வி.

உங்கள் நூலகத்தில் ஓர் இதழ் இருக்கிறதா என்று பார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நூலக அட்டவணைக்குள், அதாவது ஓபாக்கில், கட்டுரையின் தலைப்பைப் போட்டுத் தேடுகிறார்கள். ஒன்றும் வராது. அட்டவணையில் இருப்பவை புத்தகங்களும் இதழ்களின் பெயர்களும்தான். இதழுக்குள் வந்த கட்டுரைகள் அதில் பதிவாவதில்லை. இதழின் பெயரைப் போட்டுத் தேட வேண்டும், அல்லது நூலகத் தளத்தில் இருக்கும் மின்னிதழ்களின் அகரவரிசைப் பட்டியலைப் பார்க்க வேண்டும். பெயர் இருந்தால் அதன் பக்கத்தில் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று எழுதியிருக்கும். அதையும் படியுங்கள். பழைய ஆண்டுகளுக்குப் பதிப்பகம் தனியாகக் காசு வாங்கும். பல பதிப்பகங்களின் இதழ்களைச் சேர்த்துத் தரும் தரவுத்தளங்களில் இதற்கு நேர்மாறாக, கடைசி ஓராண்டு இதழ்கள் காட்டப்படாமல் இருக்கும். பழைய இதழ்களின் மின்தொகுப்பான ஜேஸ்டோரில் பல இதழ்களுக்குக் கடைசி மூன்று, ஐந்து ஆண்டுகள் வராது. ‘சந்தா இருக்கு, ஆனா திறக்கலை’ என்பதன் பின்னால் பாதி நேரம் இந்த ஆண்டுக் கணக்குதான் இருக்கும். 1980-களின் கட்டுரை என்றால், அச்சில் வந்து பைண்டு செய்யப்பட்ட தொகுதி கீழ்த்தளத்து அலமாரியில் தூசியோடு இருக்கலாம். அதைப் போய்ப் பார்க்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

சந்தா இல்லையென்றால் உடனே கோரிக்கை வைக்க ஓட வேண்டாம். இலவசப் பிரதி இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆய்வுக் கட்டுரைகளுக்கான தேடுபொறியான கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு முடிவின் கீழும், எல்லாப் பதிப்புகளும் என்று ஓர் இணைப்பு வரும். அதைத் திறந்தால் பதிப்பகத் தளம் தவிர ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியம், அவருடைய சொந்தப் பக்கம் என்று வேறு இடங்களும் தெரியும். ஸ்காலரின் அமைப்புகளுக்குள் போய் உங்கள் நூலகத்தைச் சேர்த்துவைத்தால், நூலகம் அந்த வசதியைச் செய்துவைத்திருக்கும் பட்சத்தில், சந்தா உள்ள கட்டுரைகளின் பக்கத்திலேயே இணைப்பு வரும். அன்பேவால் என்ற உலாவி நீட்டிப்பை நிறுவிக்கொண்டால், சட்டப்படி இலவசப் பிரதி எங்காவது இருக்கும்போது பக்கத்தின் ஓரத்தில் ஒரு பச்சைப் பூட்டு திறந்து காட்டும்.

இந்திய இதழ்களில் இது இன்னும் விசேஷம். பெங்களூரில் இருக்கும் இந்திய அறிவியல் அகாடமி பிரமாணா போன்ற தன் இதழ்களை ஸ்பிரிங்கரோடு சேர்ந்து வெளியிடுகிறது. ஸ்பிரிங்கர் பக்கத்தில் விலை போட்டிருக்கும் கட்டுரை, அகாடமியின் சொந்தத் தளத்தில் இலவசமாக இருக்கும். கூகுளில் முதலில் வருவது ஸ்பிரிங்கர் பக்கம் என்பதால் பலரும் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். சித்த மருத்துவத்திலும் மூலிகை ஆராய்ச்சியிலும் இருப்பவர்கள் அடிக்கடி தேடும் மரபறிவு பற்றிய இதழ் உட்பட, மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் வெளியிடும் இதழ்கள் அதன் நோபர் என்ற களஞ்சியத்தில் திறந்தே இருக்கின்றன. கரண்ட் சயன்ஸ் பழைய இதழ்களும் அப்படித்தான். மருத்துவம் என்றால் பப்மெட்டோடு நிற்காமல் பப்மெட் சென்ட்ரலுக்குப் போக வேண்டும். முதலாவதில் இருப்பது சுருக்கம், இரண்டாவதில்தான் முழுக் கட்டுரை. இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் ஆய்வாளர்களே தங்கள் கட்டுரைகளை ஏற்றிவைக்கும் இலவசத் தளமான ஆர்க்கைவ் 1991 முதல் இருக்கிறது. தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தில் இருப்பவர்களிடம் போய் ஃபுல் டெக்ஸ்ட் பிரச்சினை பற்றிக் கேட்டால், என்ன பிரச்சினை என்று திருப்பிக் கேட்பார்கள்.

ஷோத்கங்காவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்டி ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் இந்தத் தளம், மின்வடிவில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும் என்ற 2009-ஆம் ஆண்டு யுஜிசி விதியால் வளர்ந்தது. இன்று லட்சக்கணக்கான ஆய்வேடுகள் அதில் உள்ளன. ஒரு கட்டுரை கிடைக்கவில்லையென்றால், அதை எழுதியவர் அந்தச் சமயத்தில் பிஎச்டி மாணவராக இருந்தாரா என்று பாருங்கள். இருந்தால் அதே சோதனை, அதே அட்டவணைகள், சில சமயம் இன்னும் விரிவாக, அவருடைய ஆய்வேட்டின் நான்காவதோ ஐந்தாவதோ அத்தியாயத்தில் இருக்கும். அத்தியாயங்கள் தனித்தனிக் கோப்புகளாக இருப்பதால் துணைநூற்பட்டியலை மட்டும் இறக்கிப் பார்க்கலாம். தமிழ்த்துறை மாணவர்களுக்கு இது பெரிய வசதி. ஒரே தலைப்பில் நாலு பேர் ஏற்கெனவே முடித்துவிட்டார்களா என்பதும் தெரிந்துவிடும், அது கொஞ்சம் சங்கடமான தகவலாக இருந்தாலும்.

இலவசப் பிரதியில் ஒரு எச்சரிக்கை. ஆசிரியர் தன் பக்கத்தில் ஏற்றிவைத்திருப்பது இதழுக்கு அனுப்புவதற்கு முந்தைய வரைவாக இருக்கலாம், அல்லது மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட கைப்பிரதியாக இருக்கலாம். இரண்டாவது பெரும்பாலும் அச்சில் வந்ததற்குச் சமம்தான், பக்க எண் மட்டும் இதழின் பக்க எண்ணாக இருக்காது. முதலாவதில் முடிவுகளே மாறியிருக்க வாய்ப்பு உண்டு. மேற்கோள் காட்டும்போது எதைப் படித்தீர்களோ அதைச் சொல்லுங்கள். வாய்மொழித் தேர்வான வைவாவில் யாராவது அந்தப் பக்கத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் இல்லையென்றால்தான் நூலகரிடம் கேட்க வேண்டிய கட்டம். இங்கேயும் முதல் சந்தேகம் மேற்கோள் மேல்தான் இருக்க வேண்டும். ஒருவர் ஆய்வேட்டிலிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து மூன்றாமவர் என்று எடுத்து எழுதும்போது தொகுதி எண் மாறும், பக்கம் மாறும், இதழின் சுருக்கப் பெயர் வேறு இதழாகிவிடும். இணையத்தில் 2018 டிசம்பரில் வந்த கட்டுரை, அச்சில் 2019 தொகுதியில் வந்திருக்கும். ஒரு பட்டியலில் 2018 என்றும் இன்னொன்றில் 2019 என்றும் இருக்கும், இரண்டுமே சரி. இந்தக் குழப்பத்துக்குத்தான் டிஓஐ வந்தது. 10 என்று தொடங்கி ஒரு சாய்கோடு போட்டு நீளும் அந்த எண் கட்டுரையோடு ஒட்டிக்கொண்டே இருக்கும், பதிப்பகம் கைமாறினாலும் மாறாது. 10.1016 என்று தொடங்கினால் எல்செவியர் கொடுத்த எண், 10.1007 என்றால் ஸ்பிரிங்கர். கட்டுரைத் தலைப்பை, இந்த எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் தளத்தில் போட்டால் டிஓஐ-யும் சரியான தொகுதி எண்ணும் வந்துவிடும். இந்த ஒரு தேடலிலேயே தப்பான மேற்கோள்களில் பெரும்பகுதி திருந்திவிடுகிறது.

கோரிக்கைக் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டு மாதிரிகள். ‘சார், நானோ துகள்கள் பற்றிய ஷர்மாவின் கட்டுரை வேண்டும், அவசரம்’ என்று ஒரு மின்னஞ்சல் வரும். ஷர்மா என்ற பெயரில் நானோ துகள்கள் பற்றி எழுதியவர்களை எண்ணவே ஒரு நாள் ஆகும். இன்னொரு மின்னஞ்சலில் ஆசிரியர்களின் முழுப் பெயர், கட்டுரைத் தலைப்பு, இதழின் பெயர் சுருக்காமல், ஆண்டு, தொகுதி, இதழ் எண், பக்கங்கள், டிஓஐ, எங்கெங்கே தேடிப் பார்த்தாகிவிட்டது, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். கடைசி இரண்டும் இருந்தால் நூலகருக்குப் பாதி வேலை மிச்சம். நீங்கள் பார்த்த இடத்தையே அவர் மறுபடி பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

அந்தக் கோரிக்கை அதன் பிறகு எங்கே போகிறது என்பது பல மாணவர்களுக்குத் தெரியாது. நூலகர்களுக்குள் ஒரு வலை உண்டு. அதன் முறையான வடிவம் டெல்நெட். 1988-இல் தில்லி நூலகங்களுக்காகத் தொடங்கி இப்போது நாடு முழுக்கப் பரவியிருக்கிறது, சென்னையின் பொறியியல் கல்லூரி நூலகங்கள் பல அதில் உறுப்பினர்கள். உறுப்பு நூலகம் ஒன்றில் இருக்கும் கட்டுரையின் பிரதியை இன்னொரு நூலகத்துக்காகக் கேட்டு வாங்கலாம், புத்தகத்தை இரவலாகவும் பெறலாம். முறைசாராத வடிவம், நூலகர் தனக்குத் தெரிந்த இன்னொரு நூலகருக்குப் போடும் போன். என் கணக்கில் வேகமானது இதுதான். அடையாற்றில் ஒரு நிறுவனத்தில் இருக்கும் கட்டுரை கிண்டிக்கு வர ஒரு மதியம் போதும். அந்த நட்பு இல்லாத கல்லூரிகளில் அதே கட்டுரைக்கு இரண்டு வாரம் ஆகலாம், வராமலும் போகலாம். கணக்கில் வராத இந்த உழைப்பைப் பற்றி நூலகத் தரமதிப்பீட்டுப் படிவங்களில் ஒரு கட்டம்கூட இருப்பதாகத் தெரியவில்லை.

1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர்.ரங்கநாதன் அதுவரை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. உலகம் முழுக்க நூலகவியல் வகுப்பில் இதைப் படிக்கிறார்கள். அவர் நடத்திய அதே நூலகத்துக்குப் பக்கத்துத் துறையிலிருந்து, கோரிக்கை வைக்கலாம் என்பதே தெரியாமல் ஆண்டுகளைக் கழித்தவர்களும் இருக்கிறார்கள். தப்பு மாணவர்கள் மேல் மட்டும் இல்லை. பல நூலகத் தளங்களில் கோரிக்கைப் படிவம் மூன்று மெனுக்களுக்குள் புதைந்து கிடக்கிறது.

நூலகத்துக்கு இணையாக இன்னொரு வழி, ஆசிரியருக்கே எழுதுவது. கட்டுரையின் முதல் பக்கத்தில் தொடர்புக்கான ஆசிரியர் என்று ஒருவரின் மின்னஞ்சல் இருக்கும், அப்ஸ்ட்ராக்ட் பக்கத்திலேயே தெரியும். சுருக்கமாக, எந்த நிறுவனம், என்ன தலைப்பில் வேலை, எந்தக் கட்டுரை என்று நாலு வரி போதும். பெரும்பாலான பதிப்பகங்கள் தனிப்பட்ட ஆய்வுக்காக ஆசிரியர் பிரதி அனுப்புவதை அனுமதிக்கின்றன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் ஆராய்ச்சிக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் கொடுக்கிறது. தன் கட்டுரையை யாரோ படிக்க விரும்புகிறார் என்பதில் மகிழாத ஆசிரியர் குறைவு. பதில் வராவிட்டால் அவர் ஓய்வு பெற்றிருப்பார் அல்லது நிறுவனம் மாறியிருப்பார். இணை ஆசிரியருக்கு எழுதிப் பாருங்கள்.

காசு கட்டிப் படிக்க வேண்டிய கட்டுரைகளைப் பதிப்பகங்களின் அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் சை-ஹப் தளம் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடித்தால் அது பாசாங்கு. எல்செவியரும் வைலியும் அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டியும் 2020 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை இந்தியாவில் முடக்க உத்தரவு வந்தது. ஏன் இத்தனை பேர் அங்கே போனார்கள் என்பது புரியாத புதிர் இல்லை. பொது நிதியில் ஆராய்ச்சி நடக்கிறது, ஆராய்ச்சியாளர்கள் இலவசமாக மதிப்பாய்வு செய்கிறார்கள், அதற்கப்புறம் அதே கட்டுரையைப் படிக்க அவர்களே காசு கட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் வழக்கு தொடங்கியதிலிருந்தே அங்கே புதிய கட்டுரைகள் சேர்வது பெரும்பாலும் நின்றுவிட்டதால், இப்போதைய ஆராய்ச்சிக்கு அதை நம்பியிருந்தவர்கள் எப்படியும் வேறு வழி தேடியாக வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னது ஆங்கில இதழ்களுக்குப் பொருந்தும். தமிழியல் ஆய்வாளருக்கு உலகமே வேறு. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ போன்ற பழைய இதழ்களில் வந்த கட்டுரைக்கு டிஓஐ கிடையாது, கூகுள் ஸ்காலரும் பெரிதாக உதவாது. அதற்குத் தரமணிக்குப் போக வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த அச்சுப் பொக்கிஷத்தில் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அங்கே இருக்கிறது. எழும்பூரில், 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகம் இந்தியாவில் அச்சாகும் நூல்களையும் இதழ்களையும் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களில் ஒன்று, அதன் வளாகத்திலேயே மறைமலை அடிகள் நூலகமும் இயங்குகிறது. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம். இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தையும் பார்த்துவிடுங்கள், பழைய பருவ இதழ்கள் அதில் நிறைய உண்டு. இந்த இடங்களில் தேடுபொறியைவிட அங்கே நீண்ட நாள் வேலை செய்பவரின் நினைவுதான் பெரிய அட்டவணை. ஆசிரியர் பெயரும் தோராயமான ஆண்டும் சொன்னால் எந்த இதழாக இருக்கும் என்று அவரே ஊகித்துவிடுவார்.

படிப்பு முடிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டம் வாங்கிய சில மாதங்களில் உங்கள் கணக்கு மூடப்படும், அன்று காலை வரை திறந்த கதவுகள் எல்லாம் 40 டாலர் கேட்கத் தொடங்கும். அதற்கு முன் உங்கள் துறைக்கு வேண்டிய அடிப்படைக் கட்டுரைகளை ஸோட்டேரோ போன்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருள் ஒன்றில் ஒழுங்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டாகத்தான் இறக்க வேண்டும். ஒரே ராத்திரியில் ஒரு இதழின் பத்து ஆண்டுகளை இறக்கினால் பதிப்பகம் அதைக் கண்டுபிடித்து முழு வளாகத்தின் அணுகலையும் நிறுத்திவைக்கும், அடுத்த நாள் காலை நூலகர் உங்களைத்தான் தேடுவார். கணக்கு போன பிறகு, வெளியாரை நூலகக் கணினியில் உட்கார்ந்து படிக்க அனுமதிக்கிறார்களா என்று உங்கள் பழைய பல்கலைக்கழகத்தில் கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் சிறு கட்டணத்துக்கு அனுமதிப்பார்கள், சில இடங்களில் துறைத்தலைவரின் கடிதம் கேட்பார்கள். அடையாள அட்டையும் பென்டிரைவும் எடுத்துப் போங்கள். சில நூலகங்களில் பென்டிரைவ் செருக விடமாட்டார்கள், உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ள வேண்டியிருக்கும்.